மண்குதிரையை நம்பி

மண்ணுக்கடியில் ஒரு நாடு – 8

சென்ற பகுதியில், பெய்ஜிங் மருந்துக்கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்ற பெயரில் பொடித்து விற்கப்பட்ட ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் மூவாயிரம் வருடத்துப் பழைய எழுத்து இருந்த கதையைப் பார்த்தோம். அந்த எழுத்தைத் துரத்திக்கொண்டு போனவர்களில் ஒருவர் லுவோ ஜென்யூ. இந்தப் பகுதியிலும் அவர் பின்னால்தான் போகப்போகிறோம்.

1907, குளிர்காலம். லுவோவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்வி அமைச்சகத்தில் உத்தியோகம். ஓய்வு கிடைத்தால் கால் தானாக லியூலிச்சாங் தெருவுக்குப் போய்விடும். ‘மெருகோட்டுச் சூளை’ என்று அந்தப் பெயருக்குப் பொருள். ஒரு காலத்தில் அரண்மனைக் கூரைகளுக்கு வண்ண ஓடு சுட்ட இடம் அது. சூளை அணைந்தபின் புத்தகக் கடைகளும் பழம்பொருள் கடைகளும் அங்கே குடியேறின. அன்று ஒரு கடையில் இரண்டு மண்பொம்மைகள் கண்ணில் பட்டன. எங்கிருந்து வந்தவை என்று கேட்டார். கடைக்காரருக்கு அவற்றின்மேல் பெரிய மதிப்பில்லை. ஹெனான் பக்கத்துப் பழைய கல்லறைகளில் இவை கிடைக்கின்றன, தோண்டுகிறவர்கள் நல்ல சரக்கை எடுத்துக்கொண்டு இவற்றை அங்கேயே போட்டுவிடுவார்கள், வேறு பொருள் வாங்கப் போனபோது சும்மா கையோடு கொண்டுவந்தேன் என்றார்.

லுவோ இரண்டையும் வாங்கிக்கொண்டார். இனி இந்த மாதிரி கிடைப்பதை எதையும் விடாதே, எல்லாவற்றையும் கொண்டுவா என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பொம்மைகள் குவியத் தொடங்கின. இதையெல்லாம் அவரே எழுதிவைத்திருக்கிறார். மன்னராட்சி கவிழ்ந்தபின் ஜப்பானுக்குப் போய், 1916-இல் அங்கிருந்தபடி கல்லறைப் பொருள்களைப் படங்களோடு தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் முன்னுரையில் இந்தக் கதை வருகிறது.

ஒரு பொருளுக்கு விலை பிறக்கும் கணத்தை இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்த சேகரிப்பாளர்கள் குறைவு. அந்த விலைக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கடைக்காரரிடம் வாயைத் திறந்திருப்பாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்.

சீனாவில் பழம்பொருள் சேகரிப்பு நேற்று வந்த பழக்கமல்ல. சோங் வம்சத்துப் படிப்பாளிகளே ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வெண்கலக் கலங்களைச் சேகரித்து அட்டவணை போட்டவர்கள். ஆனால் அவர்கள் தேடியது எழுத்து. வெண்கலத்தில் பொறித்த வாசகம், கல்லில் வெட்டிய சாசனம், அப்புறம் பச்சைக்கல் என்கிற ஜேட், ஓவியம். மண்பொம்மையின் முதுகில் எழுத்து ஏது? போதாக்குறைக்குப் பிணத்தோடு கிடந்த பொருள். வீட்டுக்குள் கொண்டுவந்தால் குடும்பத்துக்கு ஆகாது. கல்லறைக் கொள்ளையர்களின் கணக்கும் இதேதான். பேரரசி வூ ஸெடியானின் பேத்தி யோங்தாய் இளவரசியின் கல்லறையை 1960-களின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது, கொள்ளையர் குடைந்த சுரங்கத்துக்கு அருகே ஓர் எலும்புக்கூடு கிடந்தது. உள்ளே புகுந்த கூட்டத்தில் ஒருவன் வெளியே வரவில்லை. பங்கு குறையட்டும் என்று கூட்டாளிகளே தீர்த்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். தங்கத்துக்காகக் கொலைவரை போனவர்கள், நூற்றுக்கணக்கில் நின்றிருந்த மண்பொம்மைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி ரயில். கைஃபெங்கிலிருந்து லுவோயாங் வரை 1905-இல் தொடங்கி 1909-இல் முடிந்த பாதை. பெல்ஜியத்துப் பணத்தில் போட்டது. லுவோயாங்குக்கு வடக்கே, நகரத்துக்கும் மஞ்சள் நதிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மேட்டு நிலத்துக்குப் பெய்மாங் என்று பெயர். (‘பெய்’ என்றால் வடக்கு. நம் வாயில் அது ‘பேய்’ ஆகிவிட்டாலும் தப்பில்லை, இடம் அப்படிப்பட்டது.) கிழக்கு ஹான் காலம் தொட்டு அரசர்களும் அமைச்சர்களும் அங்கேதான் புதைந்தார்கள். வாழ்வதற்குச் சூஜோ, ஹாங்ஜோ, புதைவதற்குப் பெய்மாங் என்பது சீனர்கள் வாயில் புழங்கும் பேச்சு. அந்த மேட்டில் ஒரு மாடு படுக்கக்கூட இடமில்லை, அத்தனை சமாதி என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். தண்டவாளத்துக்காக மண்ணை வெட்டிய கூலியாட்களின் கடப்பாரையில் குதிரையும் ஒட்டகமும் அகப்பட்டன. அபசகுனம் என்று பலவற்றை அங்கேயே உடைத்துப் போட்டார்கள்.

சேகரிப்பாளர்களுக்கான புத்தகங்கள் இந்த ரயில் கதையோடுதான் ஆரம்பிக்கும். ரயில் வந்தது, கல்லறை திறந்தது, பொம்மை வெளியே வந்தது என்று. எனக்கு அதில் அவ்வளவு ஒப்புதல் இல்லை. கல்லறைகளை ஆயிரம் வருடமாகவே திறந்துகொண்டுதான் இருந்தார்கள். ரயில் திறந்தது சந்தையை. வைக்கோல் சுற்றிய பெட்டிகளில் பொம்மைகளை அடைத்துத் துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் அனுப்ப முடிந்தது. அங்கே வாங்குவதற்கு வெளிநாட்டான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பிணத் தீட்டும் கிடையாது, எழுத்து வேண்டும் என்ற பிடிவாதமும் கிடையாது.

இந்தப் பொம்மைகளுக்குச் சீனத்தில் ‘மிங்ச்சி’ என்று பெயர். ஆவிகளுக்கான பொருள். இறந்தவர் மறுமையிலும் இங்கே வாழ்ந்தது போலவே வாழவேண்டும், அதற்குத் தட்டுமுட்டுச் சாமான் வேண்டும், வேலையாள் வேண்டும். ஷாங் காலத்தில் உயிருள்ள மனிதர்களையே கூடப் புதைத்தார்கள். பிறகு மரத்தாலும் மண்ணாலும் மனித உருவம் செய்து வைத்தார்கள். உயிர்ப்பலி நின்றதே என்று நாம் நிம்மதி அடைவோம். கன்ஃபூசியஸுக்கோ அந்த உருவங்கள் மேலேயே கோபம். இவ்வளவு தத்ரூபமாக மனிதனைச் செய்து புதைக்கத் துணிந்தவன் நாளைக்கு மனிதனையே புதைக்க மாட்டானா என்பது அவர் வழியில் வந்தவர்களின் வாதம். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. முதல் பேரரசரின் களிமண் படையை இந்தத் தொடரில் ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஹான் காலத்தில் ஆசை கொஞ்சம் வீட்டுக்குள் இறங்கியது. பச்சை மெருகு பூசிய கிணறு, பன்றித் தொழுவம், தானியக் குதிர், குரைக்கிற நாய், காவல் கோபுரம் என்று ஒரு பண்ணையே கல்லறைக்குள் போனது. அந்தப் பச்சையைச் சாத்தியமாக்கியது ஈயம்.

கண்ணாடி போன்ற மெருகு உருக மிகுந்த சூடு வேண்டும். ஈயம் கலந்தால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். செம்பு சேர்த்தால் பச்சை, இரும்பு சேர்த்தால் தேன் நிறம். எதுவும் சேர்க்காவிட்டால் வெள்ளை மண்மேல் பாலாடை நிறம். தாங் வம்சம் (618–907) இதை எல்லாம் ஒரே பொம்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக வழியவிட்டது. ‘சான்சாய்’, அதாவது மூவண்ணம் என்று பெயர். மூன்று என்பது கணக்குக்குச் சொன்னது, சில துண்டுகளில் கோபால்ட் நீலமும் உண்டு. நீலம் அரிது. ஏலக்கூடத்தில் நீலத்துக்குத் தனி விலை.

செய்முறை சுலபம், அதனால்தான் அத்தனை ஆயிரம் செய்ய முடிந்தது. குதிரையின் உடம்பை இரண்டு பாதி அச்சுகளில் வார்த்து ஒட்டுவார்கள். உள்ளே கூடு. கால்களும் தலையும் தனித்தனியாகச் செய்து பொருத்தப்படும். முதலில் ஆயிரம் டிகிரிக்கு மேல் ஒரு சூடு, பிறகு மெருகு பூசி எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரியில் இன்னொரு சூடு. இரண்டாவது சூட்டில் மெருகு மெழுகாக இளகி வழியும். சேணத்தின் பச்சை வயிற்றில் இறங்கும், பிடரியின் வெள்ளை கழுத்தில் ஓடும். எங்கே ஓடும் என்று குயவருக்கு ஓரளவுக்குத்தான் தெரியும். வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்ட அந்தத் தைரியம்தான் அதன் அழகு என்று நினைக்கிறேன். ஆனால் முகத்தில் வழியவிட முடியுமா? கண் கலங்கி மூக்கு கரைந்துவிடும். அதனால் மனித உருவங்களின் முகத்தை மட்டும் மெருகில்லாமல் விட்டுவைத்து, சூளையிலிருந்து எடுத்தபின் தூரிகையால் புருவமும் உதட்டுச் சிவப்பும் தீட்டினார்கள். அந்தச் சாயம் சுடப்படாதது, ஈரத்தில் உதிர்ந்துவிடும். இன்று அருங்காட்சியகங்களில் உடம்பெல்லாம் தகதகவென்று, முகம் மட்டும் வெளிறிப்போய் நிற்கிறார்களே, காரணம் இதுதான். சில குதிரைகளின் கழுத்தோடு ஒரு பள்ளமும் வால் இடத்தில் ஒரு துளையும் இருக்கும். அங்கே நிஜ மயிரைப் பொருத்தியிருக்கிறார்கள்.

ஈயம் நஞ்சு. சாப்பாட்டுத் தட்டுக்கு ஆகாது. இறந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

ஹெனானில் கோங்ஷியான், ஷான்ஷி மாகாணத்தில் ஹுவாங்பாவோ போன்ற ஊர்களில் இந்தச் சூளைகளின் இடிபாடுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். முதலது லுவோயாங்குக்குப் பக்கம், இரண்டாவது சாங்கான் என்ற பழைய தலைநகருக்குப் பக்கம். பணமும் பதவியும் எங்கே இருந்தனவோ அங்கேதான் பொம்மையும். பதவி என்று சொன்னேன் அல்லவா, அதற்கு அரசாங்கச் சட்டமே இருந்தது. மூன்றாம் படி அதிகாரிகளும் அதற்கு மேற்பட்டவர்களும் 90 பொருள் வைத்துக்கொள்ளலாம், ஒன்பதாம் படிக்காரருக்கு 40. 741-இல் சிக்கனம் என்று சொல்லி 90-ஐ 70 ஆக்கினார்கள், 40-ஐ 20 ஆக்கினார்கள். சாதாரணக் குடிமக்களுக்கு 15. ஆளோ குதிரையோ ஒட்டகமோ ஒரு ‘சி’ உயரத்துக்கு, அதாவது சுமார் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இதற்கென்றே அரசாங்கத்தில் ஓர் அலுவலகமும் இருந்தது.

இப்படிச் சட்டம் போட வேண்டியிருந்தது ஏன்? இவை ‘யாரும் பார்ப்பதற்காகச் செய்யப்படாத கலை’ என்று விற்பனைக் குறிப்புகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முழு உண்மையல்ல. கல்லறைக்குப் போகும் முன் பொம்மைகள் ஊர்வலமாகப் போயின. தெருவே கூடி நின்று பார்க்கும். அவன் அப்பனுக்கு எத்தனை குதிரை வைத்தான், நான் எத்தனை வைப்பேன் என்ற போட்டி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாங் ஷாவ் என்ற அதிகாரி அரசருக்கு எழுதிய முறையீட்டில் இதுதான் புகார். உயிருள்ளவை போல் ஆளும் குதிரையும் செய்து வழிப்போக்கர்களிடம் பகட்டுகிறார்கள், இதில் பெற்றோர் பக்தி எங்கே இருக்கிறது என்று கேட்டார். கல்யாணச் செலவில் கடனாளியான குடும்பங்களை அறிந்த நமக்கு அவர் ஆதங்கம் புரியும்.

அந்த ஊர்வலம் ஏறக்குறையக் கலையாமல் நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால், இன்று போகவேண்டிய இடம் லண்டன். பிரிட்டிஷ் மியூசியத்தில் 33-ஆம் எண் கூடம். லியூ திங்ஷுன் என்ற தளபதி 728-இல், எழுபத்திரண்டாம் வயதில் இறந்தார். அவர் கல்லறையிலிருந்து வந்தவை என்று சொல்லப்படும் உருவங்கள் அங்கே வரிசை கட்டியிருக்கின்றன. முன்னால் இரண்டு கோர மிருகங்கள், ஒன்றுக்கு மனித முகம், மற்றதற்கு விலங்கு முகம். அவை தீய ஆவிகளை விரட்ட. அடுத்து, காலடியில் எதையோ மிதித்து நிற்கும் இரண்டு திக்பாலர்கள். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போனவர்கள், போன இடத்தில் தாங் படைக் கவசம் மாட்டிக்கொண்டார்கள். பிறகு இரண்டு அதிகாரிகள், குதிரைகள், இரட்டைத் திமில் ஒட்டகங்கள், அவற்றைப் பிடித்துவரும் நடு ஆசிய முகம் கொண்ட பராமரிப்பாளர்கள். உயரமானவை ஒரு மீட்டரை எட்டிவிடும். ஒரு ‘சி’ சட்டத்தை மூன்று மடங்கு மீறியாயிற்று! தளபதியின் வீட்டுக்காரர்களைக் கேட்க ஆள் இல்லை போலிருக்கிறது.

குதிரை இவ்வளவு முக்கியம் ஏன் என்றால், அது அந்தக் காலத்து அந்தஸ்து. 667-ஆம் வருடத்து ஆணை ஒன்று வியாபாரிகளும் கைவினைஞர்களும் குதிரை ஏறக்கூடாது என்று தடுத்தது. நடு ஆசியாவிலிருந்து வந்த உயர்ந்த சாதிக் குதிரையை உயிரோடு இருந்தபோது வைத்துக்கொண்டவர், செத்த பிறகு விட்டுவிடுவாரா?

லியூ தளபதியின் ஊர்வலத்தை லண்டனுக்குக் கொண்டுவந்த பணம் ஒரு வியாபாரியுடையது. ஜார்ஜ் யூமோர்ஃபோபூலோஸ் (1863–1939). கிரேக்கக் குடும்பம், பிறந்தது லிவர்பூலில். வேலை செய்த நிறுவனம் ராலி பிரதர்ஸ். இந்தியாவில் பருத்தியும் சணலும் வாங்கி அனுப்பிய அந்த ராலிதான், பழைய பஞ்சு வியாபாரக் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கலாம். தேம்ஸ் கரையில் செல்சி எம்பாங்க்மெண்ட் 7-ஆம் எண் வீட்டின் பின்னால் தன் சேகரிப்புக்கென்றே இரண்டு மாடிக் கூடம் கட்டிக்கொண்டார். அவருக்கு முன்பு இங்கிலாந்துப் பணக்காரர்களுக்குச் சீனா என்றால் நீலமும் வெள்ளையுமான பீங்கான் ஜாடிதான். கல்லறை மண்ணிலிருந்து வந்ததை வரவேற்பறையில் வைக்கலாம் என்று அவர்களுக்குக் காட்டியவர்களில் இவர் முக்கியமானவர். 1921-இல் கீழைநாட்டுப் பீங்கான் கழகம் தொடங்கியபோது அதற்கு முதல் தலைவர் இவரே, சாகும்வரையும் இவரே. சேகரிப்பை விளக்க பிரிட்டிஷ் மியூசியத்தின் ஹாப்ஸன் பெரிய பெரிய தொகுதிகளாக ஆறு எழுதினார். பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது, இவர் கையும் இளைத்தது. அருங்காட்சியகத்துக்கு எழுதிவைக்க நினைத்திருந்ததை விற்கவேண்டி வந்தது. 1934-இல் பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் சேர்ந்து ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கின. அள்ளிக்கொண்டு போன விலை என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் பாதை வேறு மாதிரி போனது. சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தின் பெர்த்தோல்ட் லௌஃபர் 1908-இலிருந்து 1910 வரை சீனாவில் சுற்றி, பொம்மைகளைச் சான்றுகளாக வாங்கினார். சிப்பாய் பொம்மையைப் பார்த்தால் கவசத்தின் வரலாறு எழுதலாம் அல்லவா? 1914-இல் ‘சீனக் களிமண் உருவங்கள்’ என்று ஒரு நூல் வெளியிட்டார். திறந்தால் முதல் அத்தியாயம் காண்டாமிருகத்தைப் பற்றி! காண்டாமிருகத் தோலில் கவசம் செய்தார்கள், ஆகவே முதலில் காண்டாமிருகம். முதல் பாகம் என்று போட்டுவிட்டு இரண்டாம் பாகத்தை அவர் எழுதவே இல்லை. இப்படிப்பட்ட ஆராய்ச்சியாளர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

பொம்மை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் கவசத்திலும் ஆர்வமில்லை, காண்டாமிருகத்திலும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது குதிரை. கணப்புக்கு மேலே ஒரு தாங் குதிரை என்பது நியூயார்க்கிலும் பாரிஸிலும் ஒரு மோஸ்தர் ஆனது. அங்கேதான் இந்தக் கதையில் என்னை உறுத்துகிற விஷயம் இருக்கிறது. கல்லறையில் பொம்மைகள் ஒரு குடும்பமாகப் போகின்றன. காவல் மிருகம் வாசலைப் பார்த்து நிற்கும், திக்பாலர் அதன் பக்கத்தில், குதிரைக்கு ஒரு ஆள், ஒட்டகத்துக்கு ஒரு ஆள். பராமரிப்பாளரின் முஷ்டி மூடியிருக்கும், நடுவில் ஒரு துளை. அதில் ஒரு காலத்தில் கடிவாளக் கயிறு இருந்தது. வியாபாரி குதிரையை ஒருவருக்கும் ஆளை இன்னொருவருக்கும் விற்றான், தனித்தனியாக விற்றால் லாபம் கூடுதல். கோர மிருகத்தை வாங்க ஆள் குறைவு, அது கடை மூலையில் கிடந்தது. இன்று உலகமெங்கும் கண்ணாடிப் பெட்டிகளில் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஆட்கள் எந்தக் குதிரையைப் பிடித்திருந்தார்கள் என்று இனிச் சொல்ல முடியாது. லியூ தளபதியின் வரிசைக்கு மதிப்பு அதன் உயரத்தால் வந்ததல்ல, கலையாமல் வந்ததால். அதுகூடச் சந்தை வழியாக வந்ததுதான். அந்தக் கல்லறை திறக்கப்பட்டபோது எந்த உருவம் எங்கே நின்றது என்று குறித்துவைத்த ஆய்வாளர் யாரும் பக்கத்தில் இல்லை.

குறித்துவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 1957-இல் ஷியான் நகருக்கு அருகே, 723-இல் இறந்த ஷியான்யூ திங்ஹுயி என்ற தளபதியின் கல்லறையைத் தொல்லியலாளர்கள் முறையாகத் தோண்டினார்கள். அங்கே ஓர் ஒட்டகம். அதன் முதுகில் மேடை போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து வாசிக்க, நடுவில் ஒருவர் நின்று ஆடுகிறார். உயரம் 60 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தின் பெருமை. சந்தையில் வந்திருந்தால் ‘யாரோ ஒருவருடைய ஒட்டகம்’. இப்போது அதற்கு ஆளும் வருடமும் உண்டு. அந்த வருடம் இருப்பதால்தான், வருடமில்லாத மற்ற நூறு ஒட்டகங்களுக்கும் வயது சொல்ல முடிகிறது. இரண்டாவது, 1981-இல் லுவோயாங்கின் லோங்மென் பக்கம் திறந்த ஆன் பூ தம்பதியின் கல்லறை. 709-ஆம் வருடத்தது. ஆன் பூ சோக்தியர், அதாவது இன்றைய உஸ்பெகிஸ்தான் பக்கத்திலிருந்து வந்த வம்சம். 129 பொருள்கள், அதில் ஐம்பது வரை மூவண்ணம். கூடவே பைசாந்தியத் தங்க நாணயம் ஒன்று. ஒட்டகம் பிடிக்கும் பணியாளாகவே பொம்மைகளில் நாம் பார்த்துப் பழகிய இனத்தைச் சேர்ந்தவர் இங்கே எஜமானராகப் படுத்திருக்கிறார், அவருக்கும் தனியாக ஒட்டகம் பிடிக்க ஆட்கள்.

755-இல் ஆன் லுஷான் என்ற தளபதி கலகம் செய்தான். அவனும் சோக்திய ரத்தம் கலந்தவன். எட்டு வருட யுத்தத்தில் இரண்டு தலைநகரங்களும் சீரழிந்தன. பெரிய மூவண்ண ஊர்வலங்கள் அதோடு முடிந்தன. நாம் ‘தாங் குதிரை’ என்று கொண்டாடும் சரக்கில் பெரும்பகுதி ஏறத்தாழ அறுபது, எழுபது வருடத்து உற்பத்தி.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள் நம் ஊரில். (அது குதிரையே அல்ல, ‘மண் குதிர்’, ஆற்று நடுவில் தெரியும் மணல்திட்டு என்று திருத்துகிறவர்களும் உண்டு. இந்தக் கதைக்குக் குதிரையாகவே இருக்கட்டும்.) 1974-இல் உண்மையிலேயே அப்படி இறங்கியது பிரிட்டிஷ் ரயில்வே தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதி. பெட்ரோல் விலை ஏறி, பணவீக்கம் பங்குச்சந்தையைத் தின்றுகொண்டிருந்த நேரம். நிதியில் ஒரு பகுதியை, சுமார் நான்கு கோடி பவுனைக் கலைப்பொருள்களில் போட்டார்கள். ரயில்வே கலாசிகளின் சேமிப்பில் ஓவியம் வாங்குவதா என்று ஏகப்பட்ட கண்டனம். வாங்கியவற்றில் ஒரு தாங் மூவண்ணக் குதிரையும் இருந்தது. 1989 டிசம்பர் 12 அன்று லண்டன் சோத்பீஸில் அதை ஏலத்துக்கு விட்டார்கள். ஜப்பானிய வியாபாரி ஒருவர் 37 லட்சத்து 40 ஆயிரம் பவுனுக்கு எடுத்தார். சீனக் கலைப்பொருள் எதுவும் அதுவரை அந்த விலைக்குப் போனதில்லை. மண்குதிரை ஆற்றைக் கடந்துவிட்டது. ரயில் பாதை வெட்டியதில் வெளியே வந்த குதிரைக் கூட்டத்தில் ஒன்று, ரயில்வேக்காரர்களின் பென்ஷனுக்கே உதவியதை எந்தக் கதாசிரியராவது எழுதியிருந்தால் நாம் நம்பமாட்டோம்.

அதற்கப்புறம் இறங்கியவர்கள் அத்தனை பேரும் கடக்கவில்லை. அதே காலத்தில் சீனாவில் பொருளாதாரம் திறந்து, சாலையும் தொழிற்சாலையும் கட்ட மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரவில் வேறு ஆட்கள் தோண்டினார்கள். லுவோயாங்காரர்கள் கண்டுபிடித்த ஒரு கருவி உண்டு. அரைக் குழாய் வடிவில் இரும்பு அலகு, நீளமான கம்பு. மண்ணில் குத்தி இழுத்தால் அடியிலுள்ள மண் அப்படியே மேலே வரும், அதன் நிறத்தைப் பார்த்தே கீழே கல்லறை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். திருடனின் கருவி, பிற்பாடு தொல்லியலாளருக்கும் ஆகிவந்தது. கல்லறைத் திருட்டுக்கு 2011 வரை மரண தண்டனை கூட உண்டு. இருந்தும் 1990-களில் ஹாங்காங் ஹாலிவுட் ரோடு கடைகளில் தாங் குதிரைகளும் ஹான் வேலையாட்களும் வரிசையாக நின்றன. சரக்கு குவிந்ததும் விலை சரிந்தது. அரிது என்று நம்பி லட்சங்களைக் கொட்டியவர்களுக்கு வயிற்றில் நெருப்பு.

விலை மீளாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நூற்றாண்டில் ஏலக்கூடங்களை ஆட்டிப்படைப்பவர்கள் சீனப் பணக்காரர்கள். அரண்மனைப் பீங்கான் கிண்ணத்துக்குக் கோடிகளை இறைப்பவர்களில் பலர் கல்லறைக் குதிரை என்றால் இரண்டடி தள்ளியே நிற்கிறார்கள். லியூலிச்சாங் கடைக்காரரின் தயக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டமும் நெருக்குகிறது. 2009 ஜனவரியில் அமெரிக்கா சீனாவோடு ஓர் உடன்பாடு செய்து, தாங் காலம் முடிய உள்ள தொல்பொருள்கள் முறையான தாள் இல்லாமல் உள்ளே வரத் தடை போட்டது. ஆகவே இன்றைய சேகரிப்பாளர் குதிரையின் பல்லைப் பார்ப்பதற்கு முன் தாளைப் பார்க்கிறார். எந்த வருடம் சீனாவைவிட்டு வெளியே வந்தது, யார் யார் கை மாறியது, பழைய ஏலப் புத்தகத்தில் படம் இருக்கிறதா என்று.

தாள் சரியாக இருந்தாலும் குதிரை சரியாக இருக்க வேண்டுமே. மெருகில் நூலிழை வெடிப்பு இருக்கிறதா, பச்சையின்மேல் வெள்ளிப் பூச்சு போல மினுமினுப்பு ஏறியிருக்கிறதா என்று கண் பழகியவர்கள் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். மண்ணில் நெடுநாள் கிடந்த ஈய மெருகில் அது ஏறும். ஆனால் அமிலத்தில் முக்கினால் மினுமினுப்பு ஒரே வாரத்தில் ஏறிவிடும் என்பது பொம்மை செய்கிறவனுக்கும் தெரியும். அதனால் விஞ்ஞானத்தைக் கூப்பிட்டார்கள். சுட்ட மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் சுற்றியுள்ள கதிர்வீச்சை வருடக்கணக்கில் சேமித்துவைக்கும். சூளையில் சுடும்போது அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய், மறுபடி ஏறத் தொடங்கும். சிட்டிகை மண்ணைத் துருவி எடுத்துச் சோதனைக்கூடத்தில் சூடாக்கினால், சேமித்ததெல்லாம் மெல்லிய ஒளியாக வெளியேறும். ஒளி அதிகம் என்றால் வயது அதிகம். ஆக்ஸ்ஃபோர்டில் இந்த முறையைத் தேற்றினார்கள். 1940-களில் ஹுயிஷியான் கல்லறைச் சரக்கு என்று பெய்ஜிங்கில் விற்ற கறுப்பு மண்பொம்மைகள் பல அருங்காட்சியகங்களுக்குள் நுழைந்து கௌரவமாக நின்றிருந்தன. 1972-இல் அவற்றைச் சோதித்த முடிவு வெளியானது. அந்த நூற்றாண்டில் சுட்டவை.

அதிலிருந்து, விலை உயர்ந்த குதிரை என்றால் அடியில் ஓரிரு இடத்தில் நுண்ணிய துளை போட்டுச் சோதித்த சான்றிதழ் இல்லாமல் யாரும் தொடுவதில்லை. பொம்மைக்காரர்களும் பதிலுக்கு யோசித்தார்கள். சோதனைக்காரன் துளை போடுவது எப்போதும் அடிப்பலகையில் அல்லது காலில், பார்வைக்குத் தெரியாத இடத்தில். உடைந்த பழைய பொம்மைகளின் அடிப்பலகைகளோ, கல்லறை மேட்டுப் பக்கம் மலிவாகக் கிடைக்கின்றன. இப்படியாக, கால்கள் நான்கும் தாங் காலத்தவையும் தலை போன வருடத்ததுமான குதிரைகள் சந்தைக்கு வரத் தொடங்கின.

(தொடரும்)